அப்பாவின் வயர் வரிசை

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டில் ஏதோ கருகியது. மழை விட்டும் விடாமலும் இருந்த நேரம். ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே நுழைந்த வாசனை, நான் எழுதிக்கொண்டிருந்த மேசை வரைக்கும் வந்து நின்றது.

“யார் வீட்டுலயோ மீன் கருகுதுங்க” என்றாள் மனைவி.

மீன் இல்லை. ஏதோ ஒரு பழைய பிளக் சூடேறியிருக்க வேண்டும். பேக்கலைட் என்ற பழங்காலக் கறுப்புப் பிளாஸ்டிக் சூடேறினால் கருவாட்டு வாடை அடிக்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். நான் அந்த வாடையில் வளர்ந்தவன்.

பூண்டுலோயாவுக்கு மேலே, மேகம் தவழும் உயரத்தில் எங்கள் வீடு. பொழுது சாயும்போது அப்பா காரின் முன்மூடியைத் தூக்குவார். உள்ளே எஞ்சினின் விலாவில் குந்தியிருக்கும் சின்னக் குடம் ஒன்றின் கறுத்த மூடியை, அதிலிருந்து தொங்கும் வயர்களோடு சேர்த்துப் பிடுங்கி எடுப்பார். ஐந்து கால் நண்டு ஒன்றைப் பிடித்து வருவதுபோல அதை அடுப்படிக்குக் கொண்டு வந்து, அடுப்புக்கு மேலே உள்ள ஆணியில் மாட்டுவார். அந்த ஆணிக்குப் பக்கத்து ஆணியில் கருவாடு தொங்கும். இரண்டும் ஒரே புகையில் காயும்.

மூடியைக் காரிலேயே விட்டால் பனி உள்ளே போய் முத்து முத்தாக உட்கார்ந்துகொள்ளும். காலையில் வண்டி ஸ்டார்ட் எடுக்காது. மலையில் கார் வைத்திருந்த எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஆனால் மூடியைக் குழந்தைபோல ஏந்தி வந்து அடுப்பில் காயவைத்தவர், எனக்குத் தெரிந்து, அப்பா ஒருவர்தான். அம்மாவுக்கு அந்த ஆணியைத் தொட அனுமதி கிடையாது.

இந்தத் தொடரில் அம்மா வந்தாள், விடுதி வந்தது, ரயில் வந்தது, உங்கள் அப்பாவை மட்டும் ஏன் காணோம் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நான்தான் அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். இந்த வாரம் பிளக் வழியாக உள்ளே வந்துவிட்டார்.

பிழை செய்யாத மனிதர்

அப்பா டீமேக்கர். தேயிலைத் தொழிற்சாலையின் உள்ளே தோட்டத்துத் தொரைக்கு அடுத்த ராஜா. கொழுந்து வாடுவதும் அரைபடுவதும் தீயில் காய்வதும் அவர் மூக்கின் உத்தரவில் நடக்கும். ஒரு பிடித் தூளை உள்ளங்கையில் வைத்து மூக்குக்குக் கொண்டுபோவார். தொழிற்சாலை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். “ம்” என்றால் தப்பித்தோம். “ம்ஹும்” என்றால் யாரோ ஒருவன் தொலைந்தான்.

அந்த யாரோ ஒருவனாக ஒரு முறை அகப்பட்டவர் பெருமாள். தூள் காயும் அடுப்புக்கு விறகு போடுகிறவர். ஒரு நாள் அடுப்பின் சூட்டை அப்பாதான் கூட்டச் சொல்லியிருந்தார். ஒரு தடவைக்குக் காயப்போட்ட தூள் முழுவதும் தீய்ந்துபோனது. தொரை வந்து நின்றபோது அப்பா திரும்பிப் பார்த்தது பெருமாளை. மறுநாள் பெருமாள் மண்வெட்டியோடு மலைக்குப் போனார். வயது போனவர், மூட்டு வலிக்காரர், மழையில் நின்று தண்ணீர் ஓடக் கான் வெட்டினார்.

வீட்டில் அம்மா கேட்டாள். “நீங்கதானேங்க கூட்டச் சொன்னதா பெருமாள் பொஞ்சாதி அழுவுது?”

“நான் சொன்னது சரி. அவன் செஞ்சது பிழை” என்றார் அப்பா. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். விரல்கள் ஒரு கணமும் நிற்கவில்லை.

என் முதல் கதை அச்சானபோது நானும் பெருமாளின் இடத்தில் நின்றேன். பத்திரிகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரு வரி விடாமல் வாசித்தார். நான் வாசலில் நின்று அவர் உதட்டையே பார்த்தேன்.

“வாட்டத்துக்குப் போட்ட கொழுந்த ரெண்டு மணி நேரத்துல அரைக்க எடுத்துட்டான் ஒன் கதைக்காரன். அதுல தூள் வராது. கீரைக் கூட்டுதான் வரும்.”

“கதை எப்படிப்பா இருக்கு?”

“அதான் சொன்னேனே.”

அன்றைக்கு மழை பெய்திருக்க வேண்டும். என் நினைவில் அவரோடு தொடர்புள்ள எல்லாவற்றிலும் மழை பெய்கிறது. அதற்குப் பிறகு எழுதிய புத்தகங்களை நான் அவரிடம் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் மூக்குக்கு எட்டாத தூரத்தில் எழுதிப் பழகிக்கொண்டேன்.

காரும் அவரைப் போலவேதான். வெள்ளைக்காரன் காலத்துக் குட்டிக் கார், முதுகு கூனிய சாம்பல் நிறம். தலவாக்கலையில் எந்தக் கராஜில் விட்டாலும் ஒரு கூத்து நடக்கும். அந்த மூடியைக் கழற்றிப் பூட்டினால் வண்டி எடுக்காது. பாஸ்மார் என்கிற மெக்கானிக்குகள் முறைப்படி வயர்களைப் பூட்டித் தலைகீழாக நின்றாலும் எடுக்காது. கடைசியில் அப்பாவுக்கு ஆள் அனுப்புவார்கள். அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய், வயர்களைப் பிடுங்கித் தன் வரிசையில் மாட்டுவார். ஒரே சுற்றில் எடுக்கும்.

“படிச்ச பாஸ்மாரு” என்று சிரிப்பார். “வண்டிக்கு என் கைதான் தெரியும்.”

மூடியில் நான்கு கொம்புக்கும் நேரே வெள்ளைப் பெயின்டால் கோடு போட்டிருந்தார். ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று, நான்கு. வயர்களிலும் அப்படியே. எங்கள் வீட்டுக்கு அதுதான் சட்டம்.

ஒரே நிபந்தனை

அம்மா இறந்துபோன பிறகும் அப்பா அந்தத் தோட்டத்துக் குவாட்டர்ஸிலேயே இருந்தார். ஓய்வு பெற்றவரை வெளியே போகச் சொல்லப் பழைய நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. புதிய நிர்வாகம் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் தங்கி, தேயிலை மலையைப் பார்த்தபடி தேநீர் குடிக்கும் விடுதியாக அந்த வரிசை வீடுகளை மாற்றப்போகிறோம் என்றது. மாத முடிவுக்குள் சாவியைக் கொடுக்கச் சொன்னது.

நான் தலவாக்கலையில் ஆசிரியன். வீட்டில் அப்பாவுக்காக ஓர் அறை கட்டியிருந்தேன். ஜன்னலை ரயில் பாதைப் பக்கம் வைத்தேன். சன்லைட் சோப்பின் மஞ்சளில் சுவருக்குச் சாயம் அடித்தேன். பத்து வயதில் என்னைப் பள்ளி விடுதியில் சேர்த்தார். அன்றிலிருந்து நான் அவர் வீட்டில் விருந்தாளி. ஒரே கூரையின் கீழே, அவசரம் இல்லாமல், எதிரும் புதிருமாக உட்கார்ந்து அவரோடு நான் சோறு சாப்பிட்டது கிடையாது. அதை ஒரு முறை செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஐம்பதை நெருங்கும் ஒருவன் சொல்லக் கூச்சப்படும் ஆசை.

வட்டவளையில் அக்கா இருக்கிறாள். சின்ன வீடு, நிறைய ஆட்கள். “இங்க எங்கடா படுக்க வைப்பேன்? நீயே கூட்டிட்டுப் போ” என்றாள். நியாயம்தான்.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். நீண்ட நேரம் வெற்றிலையை மடித்தார்.

“வர்றேன்” என்றார்.

எனக்குக் காதை நம்ப முடியவில்லை.

“ஆனா ஆட்டோவுல வரமாட்டேன். லொறியில சாமான் மேல ஒக்காந்தும் வரமாட்டேன். என் வண்டியில வந்து ஒன் வாசல்ல எறங்குவேன். வண்டி ஓடுனா வர்றேன். ஓடலைன்னா இங்கயே கெடந்து சாவுறேன், வெள்ளக்காரன் வந்து பாத்துட்டுப் போகட்டும்.”

கார் கொட்டகையில் படுத்துப் பல காலம். கடைசியாக ஓடியபோது ஏற்றத்தில் குதிரைபோல வெட்டி வெட்டி இழுத்தது, புகைக்குழாயில் வெடித்தது, பிறகு நின்றுவிட்டது. இறக்குமதி நின்று, ஊரில் வாகனச் சாமான் எதுவும் வராத காலம் வேறு. கடைகளில் வெறும் தட்டுகள்.

இருந்தாலும் சரி என்றேன். தோட்டத்து வீட்டிலிருந்து என் வாசல்வரைக்கும் ஒரு பயணம். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஈயத்தாள்

சனிக்கிழமை போய்க் கொட்டகையைத் திறந்தேன். அப்பா கதிரையைத் தூக்கி வந்து வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். உதவிக்கு இல்லை, மேற்பார்வைக்கு.

“ஒனக்கு இதெல்லாம் கை வராது. சும்மா தொட்டுக் கெடுத்துராத.”

“பாத்துக்கலாம்பா.”

டிஸ்ரிபியூட்டர் என்கிற அந்தச் சின்னக் குடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால்தான் மற்றது விளங்கும். அதன் நடுவே ஒரு தண்டு சுழல்கிறது. தண்டின் தலையில் ரோட்டர் என்ற சிறு கை. மேலே மூடியின் நடுக்கொம்பில் வந்து இறங்கும் மின்சாரத்தை, சுற்றிலும் உள்ள நான்கு கொம்புக்கும் அந்தக் கை முறை வைத்துப் பங்கிட்டுக் கொடுக்கிறது. நான்கு வயர் வழியாக நான்கு சிலிண்டருக்குப் பொறி போகிறது. முறை தவறினால் எஞ்சின் தும்மும், வெடிக்கும், ஓடாது.

குடத்தைக் கழற்றி எடுத்துத் தண்டைப் பிடித்து ஆட்டினேன். விழப்போகும் பல்போல ஆடியது. தண்டு சுழலும் உள்வளையம், புஷ் என்பார்கள், தேய்ந்து முட்டை வடிவாகியிருந்தது. தண்டு ஒரு பக்கம் சாய்ந்து ஓடினால் பொறி நேரத்துக்கு விழாது. ஏற்றத்தில் வெட்டியதற்குக் காரணம் அதுதான். தண்டின் அடியில் குறுக்காக ஓர் ஆணி. அதைத் தட்டி எடுத்தால் கீழே எஞ்சினைக் கவ்விப் பிடிக்கும் பல்துண்டு கழன்று வரும். பிறகு தண்டை உருவலாம்.

உருவினேன். தண்டைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். ஈயத்தாள். பழைய தேயிலைப் பெட்டிக்குள் விரிப்பார்களே, அது. தேய்ந்த ஓட்டையை நிரப்ப, தொழிற்சாலையிலிருந்து கிழித்து வந்து, அப்பா மடித்து மடித்துச் சுற்றியிருக்கிறார். உள்ளே தட்டில் இருந்த சிறு ஸ்பிரிங் இரண்டில் ஒன்று, எழுதுகிற குமிழ்ப்பேனாவின் ஸ்பிரிங்.

“இது என்னப்பா?”

“ஓடுச்சுல்ல?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எண்ணெயில் ஊறிக் கறுத்த அந்தத் தாளின் மடிப்புகளை விரித்தேன். எவ்வளவு நேர்த்தியான மடிப்பு. கடிதம் மடிக்கிறவர்கள் இப்படி மடிப்பார்கள். அவர் எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

குடத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு ஹட்டன் பஸ் ஏறினேன். முன்பு இப்படி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்ய முடியாது. சோதனைச் சாவடிகள் இருந்த போர்க்காலத்தில் அப்பா ஒரு முறை மூடியும் வயருமாகப் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டார். தமிழ் ஆள், கையில் வயர் தொங்கும் கறுப்புச் சாமான். ஆளை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அங்கேயும் அவர் கெஞ்சவில்லையாம். துப்பாக்கி வைத்திருந்த பையனுக்கு, எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று சிங்களத்தில் வகுப்பு எடுத்தாராம். கேட்டவன் கடைசியில் சலூட் அடித்தானாம். இது அப்பா சொன்ன கதை. அதில் அவர் நடுங்கிய பகுதி எதுவும் கிடையாது. அம்மா சொன்ன கதையில் உண்டு. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசவில்லையாம்.

ஹட்டனில் லேத் பட்டறைக்காரர் ஈயத்தாளைத் தூக்கிப் பிடித்து, “மே மொகத மாத்தயா?” என்றார். என்ன இது ஐயா என்று சிங்களத்தில் கேட்கத்தான் செய்வார். சொன்னதும் பட்டறை முழுக்கச் சிரித்தது. வெண்கலத்தில் புதிய புஷ் கடைந்து, எண்ணெயில் ஊறப்போட்டு, மறுவாரம் வரச் சொன்னார். போனேன். தண்டு உள்ளே போனது, துளி ஆட்டம் இல்லை. பட்டு நூலைச் சுற்றுவதுபோலச் சுழன்றது. கீழே பல்துண்டைப் பொருத்தும்போது, அதில் ஒரு சிறு குழி இருப்பதையும் ரோட்டர் பார்க்கிற பக்கமே அந்தக் குழியும் பார்க்க வேண்டும் என்பதையும் பார்த்து, அப்படியே வைத்து ஆணியைத் தட்டினோம்.

குடத்துக்குள் போடப் புது பொயின்ட்டும் கண்டென்சரும் தேடிக் கொடுத்தது நாசர் நானா. தலவாக்கலையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், என் நண்பர். “எங்க புடிச்சன்னு கேக்காதீங்க மாஸ்டர். கொழும்புல ஒரு கெழவன்ட மேசை லாச்சில இருந்து புடுங்கி எடுத்த சாமான்” என்றார். அப்பாவின் அலுமாரியையும் கட்டிலையும் ஏற்ற அவருடைய வேனே வருவதாக ஏற்பாடு.

தும்மல்

வீட்டை ஒப்படைக்கும் நாள். பகல் வெயில் கொஞ்சம் இருந்தது. நானா வேனைக் கொண்டுவந்து சாமான்களை ஏற்றினார். பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கொழுந்துப் பைகளோடு வேலி ஓரம் நின்றார்கள். தொழிற்சாலையிலிருந்தும் நாலைந்து பேர். டீமேக்கர் ஐயா போகிறார் என்று பார்க்க வந்தவர்கள்.

அப்பா கோட் போட்டிருந்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுகிற கறுப்புக் கோட். தோல் பையைக் காரின் பின் ஆசனத்தில் அவரே வைத்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து கைத்தடியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நட்டுக்கொண்டார்.

குடத்தை அதன் இடத்தில் பூட்டி மூடியை மாட்டினேன். கோடு பார்த்து வயர்களை மாட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் அவர் போட்ட வரிசைப்படி. எஞ்சினைக் கையால் சுழற்றும் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினேன்.

டமார் என்றது. முன்பக்கமாக நெருப்பைத் துப்பியது. வேலியோரம் படுத்திருந்த நாய் ஓடியது.

“தும்முது மாஸ்டர்!” என்றார் நானா. “கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க.”

பெண்கள் சிரித்தார்கள். மறுபடி சுற்றினேன். மறுபடி டமார். ஹாண்டில் திருப்பிச் சுழன்று கையில் அடித்தது.

“நான் அப்பவே சொன்னேன்” என்றார் அப்பா, எல்லோருக்கும் கேட்க. “கை வராதவன் கையில குடுத்தா இப்பிடித்தான். தள்ளு.”

எழுந்து வந்தார். கோட்டுக் கையைச் சுருட்டினார். வயர் ஒவ்வொன்றையும் பிடுங்கி, கோட்டைப் பார்த்து, அதே இடத்தில் திரும்ப மாட்டினார். ஹாண்டிலைப் பிடிக்கக் கை கொடுத்தேன். தட்டிவிட்டார். அந்த வயதில், கோட்டோடு, மூச்சைப் பிடித்துச் சுற்றினார். டமார். இன்னொரு முறை. டமார். நெற்றியில் வேர்வை. யாரும் சிரிக்கவில்லை.

முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கட்டை விரலை வைத்தேன். “நானா, மெதுவா சுத்துங்க.” சுற்றினார். உள்ளிருந்து காற்று விரலை முட்டித் தள்ளியது. நிறுத்தச் சொன்னேன். இந்த நொடியில்தான் முதலாம் வயருக்குப் பொறி போக வேண்டும். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ரோட்டரின் கை, அப்பா ஒரு கோடு போட்ட கொம்பைப் பார்க்கவில்லை. அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லாம் விளங்கியது. எப்போதோ ஒரு காலத்தில் ஈயத்தாளைச் சுற்றத் தண்டைப் பிரித்த அன்றைக்கு, அடியிலுள்ள பல்துண்டை அரைச் சுற்று மாற்றிப் பொருத்தியிருக்கிறார். வண்டி எடுக்கவில்லை. எதைப் பிழையாகச் செய்தோம் என்று தேடாமல், எடுக்கும்வரைக்கும் மேலே வயர்களை மாற்றி மாற்றி மாட்டியிருக்கிறார். எடுத்ததும் பெயின்டைக் கொண்டுவந்து கோடு போட்டுவிட்டார். எந்த பாஸ் சரியாகப் பூட்டினாலும் எடுக்காத வண்டி அவர் கைக்கு மட்டும் எடுத்த ரகசியம் இதுதான். இப்போது கீழே சரியாகிவிட்டது. அதனால் மேலே அவர் வரிசை செல்லாது.

“அப்பா, ஒண்ணாம் வயர் இங்க இல்ல. எதிர்ப்பக்கம் வரணும்.”

“இத்தன வருசமா அங்கதான் இருக்கு.”

“கீழ பல்லு மாறியிருந்துச்சு. அதனால ஓடுச்சு. இப்ப சரியா வச்சாச்சு.”

அவர் என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார். என் வாழ்நாளில் அவர் என்னிடம் தாழ்ந்த குரலில் பேசியது அந்த ஒரு முறைதான். வெற்றிலை வாசம் அடித்தது.

“ஆணியத் தட்டி எடு. பல்லப் பழையபடி திருப்பி மாட்டு.”

“எதுக்குப்பா? வயர மாத்துனா ரெண்டு நிமிச வேல.”

“பழையபடி மாட்டுன்றேன்.”

“பிழையா இருந்தத எதுக்கு மறுபடி பிழையா மாட்டணும்?”

நான் குரலைத் தாழ்த்தவில்லை. ஏன் தாழ்த்த வேண்டும்? வேலியோரம் நின்ற ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது: “அப்ப ஐயா இத்தன காலமும் தலகீழாவா ஓட்டுனாரு?” தொழிற்சாலை ஆட்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நானாவுக்கு அடக்க முடியவில்லை. “தலகீழா ஓடியும் இவ்வளவு காலம் ஓடிச்சே ஐயா, அதுதானே கெட்டித்தனம்!” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அது போய் விழுந்தது வேறு இடத்தில்.

அப்பா கதிரைக்குத் திரும்பிப் போனார். உட்காரவில்லை. பிடித்துக்கொண்டு நின்றார்.

பெற்றோலில் நனைத்த துணியால் மூடியைத் துடைத்தேன். கோடுகள் வெள்ளையாகக் கரைந்து விரலில் ஒட்டின. அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். துடைக்காமலும் வயரை மாற்றியிருக்கலாம் என்று மனைவி பிறகு சொன்னாள். பிழையான கோட்டை மூடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? என்னிடம் ஒரு பிழையை அவர் விட்டுவைத்தாரா? வாடாத கொழுந்தை விட்டுவைத்தாரா?

நான்கு வயரையும் எதிர்க் கொம்புகளுக்கு மாற்றினேன். ஒரு சுற்று.

எடுத்தது.

அப்படி ஒரு சத்தத்தை அந்தக் காரில் நான் கேட்டதில்லை. வெட்டில்லை, இருமல் இல்லை. மழை ஓய்ந்த பிறகு தகரக் கூரையிலிருந்து சொட்டும் துளிகள்போல ஒன்றன்பின் ஒன்றாக, சமமாக, இடைவெளி தவறாமல். தொழிற்சாலை ஆட்கள் கை தட்டினார்கள். திரும்பி அவரைப் பார்த்தேன். “ம்” என்று ஒரு சத்தம் போதும். தூளை மோந்து பார்த்துச் சொல்வாரே, அந்த “ம்”. எத்தனையோ மூட்டைத் தூளுக்குச் சொன்னது.

இடையில் ஒன்று

அப்பாவுக்கென்று கட்டிய அந்த அறையில் இப்போது புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறேன். கார் என் வாசலில் நிற்கிறது. பனியிலும் எடுக்கிறது. தலவாக்கலையில் எந்தக் கராஜில் விட்டாலும், எவர் கழற்றிப் பூட்டினாலும் எடுக்கிறது.

அப்பா கடைசிவரைக்கும் அக்கா வீட்டில் விறாந்தை மூலையில் ஒரு பாயில்தான் படுத்தார். மூன்று பேரப்பிள்ளைகள் அவரைத் தாண்டித்தான் வெளியே போவார்கள். நான் போகிற நாட்களில் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கினார். “முழிச்சுக்கிட்டுத்தான்டா இருக்காரு” என்பாள் அக்கா, தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு. நான் அவர் முதுகைப் பார்த்தபடி குடித்து முடிப்பேன். அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார். பெட்டியை மூடும்போது, வட்டவளைக்கே உரிய அந்த விடாத மழை.

கோபம் ஆறிவிட்டதா என்று கேட்கிறார்கள். ஆறவில்லை. ஒரு மனிதர் தான் ஒரு முறை பிழை செய்தேன் என்று ஒப்புக்கொள்வதைவிட, பாயும் போர்வையுமாக விறாந்தையில் கிடப்பதைத் தேர்ந்தெடுத்தார். அதை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது? மஞ்சள் சாயம் அடித்த அந்தச் சுவரை நான் பார்க்காமல் இருந்தால் ஒருவேளை ஆறலாம்.

வேன் கதவு

அன்றைக்கு, கை தட்டல் ஓய்ந்த பிறகும், கார் ஓடிக்கொண்டேயிருந்தது. முன் கதவைத் திறந்து பிடித்தேன்.

“ஏறுங்கப்பா.”

அவர் நடந்து வந்தார். எனக்கு நேராகத்தான் வந்தார். முன்மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். சத்தத்தைக் கையால் கேட்பதுபோல ஒரு நிமிடம் நின்றார். பிறகு என்னைத் தாண்டி, பின் கதவைத் திறந்து, தோல் பையை வெளியே எடுத்தார்.

“நானா, வேன்ல முன்னுக்கு எடம் இருக்கா?”

நாசர் நானா என்னைப் பார்த்தார். “இடம் ஈக்குது ஐயா. ஏன்?”

“வட்டவளையில மக வீட்டுல எறக்கி விடுங்க.”

“என்ன ஐயா வெளயாட்டு? மகன் இவ்வளவு பாடுபட்டு…”

“எடம் இருக்கா, இல்லையா?”

நானா வேன் கதவைத் திறந்தார். பெண்கள் பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவாக நகர்ந்தார்கள். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட நடை. நான் ஓடிப்போய் வேனின் வாசலை மறித்தேன். நான் கத்தினேன் என்று நானா பிறகு சொன்னார். எனக்கு மெதுவாகப் பேசியதாகத்தான் நினைவு.

“நீங்கதானேப்பா சொன்னீங்க, வண்டி ஓடுனா வர்றேன்னு? ஓடுது. கேளுங்க. ஓடுதுல்ல?”

“ஓடுது” என்றார். “நல்லாத்தான் ஓடுது.”

ஒரு காலைப் படியில் வைத்தார். கோட்டுக் கையை இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டார். என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“ஓடுற வண்டிக்கு நான் எதுக்கு தம்பி?”